புல் முடிச்சு

ஒரு கூத்தர் கூட்டம் மலை ஏறப் புறப்படுகிறது. தோளில் இசைக்கருவிகள், கூடவே பெண்கள், வயிற்றில் பசி. எதிரே இன்னொரு கூத்தர் வருகிறார். அதே மலையைக் கடந்துபோய், மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிறவர். அவர் இவர்களை நிறுத்தி வழி சொல்லத் தொடங்குகிறார். பத்துப்பாட்டின் பத்தாம் பாட்டான மலைபடுகடாம் இந்தச் சந்திப்பில் பிறக்கிறது. பாடியவர் பெருங்கௌசிகனார், அடிகள் 583. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிர மலை என்பது பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில்; செங்கம் இருப்பது அதன் அடிவாரத்தில். ஆக, இந்த மலைப்பகுதியில் பயணம் போகிறவர்களுக்கென்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு வழிகாட்டி எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கூத்தர் என்ன சொல்கிறார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்தச் சொற்பொழிவின் பொருளே அதில் அடங்கியிருக்கிறது.

வழியில் காட்டுப்பன்றிக்காகக் கல்பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறார். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அந்தப் பக்கம் போகும்போது மரங்களின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறார். குழிகளில் பாம்பு கிடக்கும் என்கிறார். வழுக்குகிற இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது, இரவானால் எந்தக் குகையில் தங்குவது, எந்தச் சிற்றூரில் தயங்காமல் உள்ளே போகலாம், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மலை முழுவதையும் அவர் வருணிக்கவில்லை. இந்தக் கூட்டம், இந்தப் பொழுதில், இந்த இடத்தில் கால் வைக்கும்போது எது தெரிந்திருக்க வேண்டுமோ அதைச் சொல்கிறார். பகலுக்கு ஒரு சொல், இரவுக்கு ஒரு சொல். அறிவுரை முழுக்க நடக்கிறவரின் பக்கம் நின்று பேசுகிறது.

கணினித் துறையில் இன்று இதற்குச் ‘சூழல் அறிந்த உள்ளடக்கம்’ என்று பெயர். கைப்பேசி வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார், என்ன நேரம், என்ன செய்துகொண்டிருக்கிறார், அருகில் என்ன இருக்கிறது என்பதை அறிந்து, கேட்காமலே வேண்டியதைக் கொண்டுவந்து தரும் மென்பொருளுக்கு ‘முகவர்’ என்று பெயர். துறையின் வரலாறு சுருக்கமானதுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் ஊழியர்கள் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திக்கொண்டார்கள். 15 விநாடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தைச் சொல்லும். ஊழியர் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறைத் தொலைபேசிக்கு அழைப்பைத் திருப்பிவிடலாம். ராய் வான்ட்டும் அவருடைய குழுவினரும் 1992-ல் இதைப் பற்றி எழுதினார்கள். 1994-ல் பில் ஷிலிட் உள்ளிட்டோர் ‘சூழல் அறியும் கணினி’ என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். அதே ஆண்டு எம்.ஐ.டி.யின் பேட்டி மேஸ், மனிதரின் வேலைச்சுமையையும் தகவல் சுமையையும் குறைக்கும் முகவர்களைப் பற்றி எழுதினார். அதன்பின் வந்ததெல்லாம், 2012-ல் வந்த கூகுள் நவ் உட்பட, இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான்.

சூழலை இடம், நேரம், செயல் என்று பிரிக்கும் இந்த வகைப்பாடு தமிழர்களுக்குப் புதிதாகத் தோன்றக் காரணமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். ஒரு செய்தி எந்தத் திணைக்கு உரியது என்று முடிவு செய்ய இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது தொல்காப்பிய மரபு. இன்றைய செயலிகள் பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. ஜி.பி.எஸ். புள்ளி ஒன்று, கடிகாரம் ஒன்று; அவ்வளவுதான். புனத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதும் தெரியாது, கைப்பேசியைப் பிடித்திருப்பவர் எந்தக் கவலையில் இருக்கிறார் என்பதும் தெரியாது.

அந்த முதற்பொருளாவது ஜவ்வாது மலையில் சரியாக இருக்கிறதா?

இந்த மலை ஒன்று; நிர்வாகத்தில் மூன்று. ஜமுனாமரத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் திருவண்ணாமலை மாவட்டத்தில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, காவலூர்ப் பக்கம் எல்லாம் 2019-ல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகள் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில். இந்திய வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வருகிறது. 2019-ல் வெளியான மேகதூத் செயலி அதை விவசாயியின் கைப்பேசிக்குக் கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே மலையில் அடுத்தடுத்த சரிவில் சாமை விதைத்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு மாவட்ட அறிக்கை வரும். இரண்டும் பெரும்பாலும் கீழே உள்ள சமவெளியின் கரும்புக்கும் நெல்லுக்கும் மணிலாவுக்கும் பொருந்துகிற அறிக்கையாக இருக்கும்.

உயரம் ஒரு கணக்கைப் போடுகிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரின் உயரம் 725 மீட்டர். அந்த மலையின் முகடுகள் அதற்கும் மேலே போகின்றன. அடிவாரத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் சொற்பம்தான். 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை ஆறு கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பார்க்கிறது. அதற்கு முன் அது பன்னிரண்டு கிலோமீட்டராக இருந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஆறு கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்குள் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு முகடு, மழை விழும் சரிவு, மழை மறைவான சரிவு எல்லாம் அடங்கிவிடும். கட்டத்துக்கு ஒரே எண். மலைக்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார்.

செய்தி கையில் வந்துவிட்டால் பயன் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மிகப் பலமாக இருந்தது. அதைச் சோதித்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது வடகேரளக் கடற்கரையில் நடந்தது. 1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரைக் கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் தங்கள் மத்தி மீனைக் கடலில் கொட்டினார்கள். அதே காலையில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பத் தயாராக இருந்தார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் அந்தக் கரையோரம் முழுக்கக் கைப்பேசிக் கோபுரங்கள் வந்தன. கடலில் இருக்கும்போதே மீனவர்கள் கரைகளை அழைத்து விலை கேட்டார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு ஏறியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியது, கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது.

இரண்டாவது மகாராஷ்டிரத்தில். ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் என்ற சேவை, சந்தை விலையையும் வானிலையையும் பயிர்க் குறிப்பையும் குறுஞ்செய்தியாக விவசாயிகளுக்கு அனுப்பியது. நூறு கிராமங்களில் ஒருபகுதியினருக்கு அதை ஓராண்டு இலவசமாகக் கொடுத்துப் பார்த்த மார்செல் ஃபாப்ஷாம்ப்ஸ், பார்ட் மின்டன் இருவரும் 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். விவசாயிக்குக் கிடைத்த விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

கைப்பேசி ஒன்றுதான், விளைவு இரண்டு. வேறுபாடு எங்கே? கேரள மீனவர் கேட்டார், பதில் வந்தது. கேட்ட நேரத்தில் அவர் கையில் சுக்கான் இருந்தது. எந்தக் கரைக்குத் திருப்புவது என்பது அந்த நிமிடத்தில் அவர் எடுக்கக்கூடிய முடிவு; மீன் நெடுநேரம் தாங்காது. மகாராஷ்டிர விவசாயிக்குச் செய்தி தானாக வந்து விழுந்தது. அவர் எங்கே, யாரிடம் விற்கப் போகிறார் என்பதை வேறு காரணங்கள் முன்பே தீர்மானித்திருக்கலாம். முடிவெடுக்க இடமிருக்கும் தருணத்தில் வருகிற செய்திக்கே மதிப்பு. சூழல் என்பதன் உட்பொருள் இதுதான். வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பது அதில் சிறு பகுதி.

தமிழ்நாட்டில் இதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த வேலை ஒன்று வால்பாறையில் இருக்கிறது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், தேயிலை, காபித் தோட்டங்கள், சுற்றிலும் ஆனைமலைக் காடு. யானைகள் தோட்டங்களுக்கு இடையே உள்ள சோலைத் துண்டுகள் வழியாகப் போய்வருகின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டு யானைகளைத் தொடர்ந்து பார்த்ததில், உயிரிழப்புகளில் பெரும்பாலானவை எதிர்பாராத சந்திப்பில் நேர்ந்தவை என்று தெரிந்தது. வேலை முடிந்து, கடைக்குப் போய், இருட்டிய பின் லயன் வீட்டுக்கு நடந்து வருகிறவர் வளைவில் யானையைப் பார்க்கிறார். யானை அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் மாலையில் ஒரு வரி ஓடியது: இன்று யானைகள் இந்த எஸ்டேட்டில். பிறகு 2011 முதல் குறுஞ்செய்தி. யானை நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வசிக்கிறவர்களுக்கு மட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். படிக்காதவர்களுக்குக் குரல் அழைப்பு.

அதோடு ஒரு சிவப்பு விளக்கு. அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உயரமான ஒரு கம்பத்தில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு, அதன் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த எண் ஊரில் பொறுப்பான இரண்டு மூன்று பேரிடம் இருக்கும். யானையைப் பார்த்தவர் அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு விடுகிறார். விளக்கு மின்னத் தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும். பேருந்தைவிட்டு இறங்குகிற பெண், கையில் பையோடு, தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்க்கிறார். சிவப்பு மின்னினால் தனியாக நடப்பதில்லை. கடையிலேயே கொஞ்சம் நிற்கிறார், அல்லது நாலு பேர் சேரட்டும் என்று காத்திருக்கிறார். அவர் கையில் ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை, ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் கவலையில்லை. 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்காக.

மென்பொருள் வல்லுநர் ஒருவர் இதைப் பார்த்து, இதில் அறிவார்ந்த முகவர் எங்கே என்று கேட்கக்கூடும். இருக்கிறது. எது முக்கியம் என்று தெரிந்துகொள்வது, யாருக்கு வேண்டும் என்று பிரிப்பது, எப்போது சொல்வது, எப்போது சும்மா இருப்பது என்ற நான்கு வேலைகளும் அங்கே நடக்கின்றன. சும்மா இருப்பது மிகப் பெரிய வேலை. நாள்தோறும் அடிக்கும் எச்சரிக்கையை மூன்றாம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடலோரத்தில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்தார். வீட்டுக்குப் போன் போட்டார். இங்கே கடல் ஏற்கெனவே உள்ளே வரத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அந்த ஊர் உயிர்தப்பியது. அந்த ஒலிபெருக்கி அன்றாடம் மீன்விலையும் அலை உயரமும் சொல்லிச் சொல்லி ஊரின் காதுக்குப் பழகியிருந்த குரல் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிதாக ஒரு சைரன் அடித்திருந்தால் என்ன ஏது என்று யோசிப்பதிலேயே நேரம் போயிருக்கும்.

அதே நிறுவனம் பின்னர் குவால்காம் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து ஃபிஷர் ஃப்ரெண்ட் என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தரும் அலை உயரம், காற்று, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்கள் ஆகியவை படகு இருக்கும் இடத்துக்கு ஏற்பத் தமிழில் வருகின்றன. பாக் நீரிணையில் சர்வதேச எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். இராமேசுவரம் பக்கத்து மீனவருக்கு இந்த ஒரு ஒலியின் அருமை தெரியும். எல்லை தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார்.

இப்போது மறுபடி மலைக்கு வரலாம்.

சாமை அறுத்து, போரடித்து, பாறைமேல் காயப்போட்டிருக்கிறார்கள். சாமை மணி மிகச் சிறியது, வழவழப்பானது. ஒரு நல்ல மழை பாறைமீது ஓடினால் மூன்று மாத உழைப்பு தண்ணீரோடு சரிவில் இறங்கிவிடும். நனைந்தால் முளைவிடும், பூஞ்சை பிடிக்கும். இந்த வீட்டுக்கு வேண்டியது ஐந்து நாள் முன்னறிவிப்பும் அல்ல, மாவட்டச் சராசரியும் அல்ல. இன்று பிற்பகல், இந்தப் பாறைமேல், அள்ளிக் கட்ட ஒரு மணி நேரம் கிடைக்குமா என்பது மட்டும்தான். இதைச் சொல்லத் தெரிந்த முகவருக்கு அறுவடைக் காலம் எது என்று தெரிந்திருக்க வேண்டும், யார் வீட்டில் களம் போட்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், மேகம் எந்தப் பக்கத்து முகட்டைத் தாண்டினால் இங்கே மழை என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதை இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அந்த அறிவை அருகிலுள்ள மழைமானியோடு சேர்க்கிற வேலையைத்தான் மென்பொருள் செய்ய வேண்டும். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 சாமை அங்கிருந்து வந்த ரகம். விதைப்பு முதல் சேமிப்பு வரை சாமைக்கு என்னென்ன முடிவுகளை எந்தெந்த வாரத்தில் எடுக்க வேண்டும் என்ற பட்டியலை அங்கே உட்கார்ந்து போட்டுவிடலாம். அந்தப் பட்டியல்தான் முகவருக்குக் கருப்பொருள்.

பெரிய அளவிலும் இது நடக்கும் என்பதற்கு 2025 ஒரு சான்று. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வைத்து, பருவமழை எப்போது தொடங்கும் என்ற முன்னறிவிப்பை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு மத்திய வேளாண் அமைச்சகம் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அந்த ஆண்டு மழை தொடங்கி நடுவில் தேங்கியது. தேக்கத்தையும் செய்திகள் சொல்லின. எப்போது விதைப்பது என்பது விவசாயி எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கு முன்னால் செய்தி வந்தது. ஒரே கேள்விக்கு ஒரே பதில் என்று குறுகிய எல்லைக்குள் நின்றதுதான் அதன் பலம்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். உழவன் செயலி 2018-லிருந்து தமிழில் இருக்கிறது. பி.எம். கிசான் திட்டத்துக்கான கிசான் இ-மித்ரா 2023-லிருந்து பேச்சில் கேட்டால் பேச்சில் பதில் சொல்கிறது; தமிழ் உட்பட 11 மொழிகள். பாஷினி திட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கப் பெரும் உழைப்புச் செய்திருக்கின்றன. ஆனால் செய்தி வாசிப்பாளரின் தமிழைப் புரிந்துகொள்வது வேறு, மலைக்காரப் பாட்டியின் தமிழைப் புரிந்துகொள்வது வேறு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஜவ்வாது மலை மக்கள் பேசுவது தமிழ்தான். அதற்கென்று தனி ஓட்டம், தனிச் சொற்கள். அந்தக் குரல்களைப் பதிவுசெய்து பழக்காத இயந்திரம் தவறாகக் கேட்கும். தவறாகக் கேட்டதை வைத்து மிகத் தெளிவான நடையில் தவறான பதிலைச் சொல்லும். இன்றைய பெருமொழி மாதிரிகளின் ஆபத்து இதுதான்: தெரியாததையும் தெரிந்தது போலவே பேசுகின்றன. பூச்சிமருந்தின் அளவைக் கேட்கிறவருக்கு அழகான வாக்கியம் தேவையில்லை. தெரியவில்லை, வேளாண் அலுவலரைக் கேளுங்கள் என்று சொல்லி அவருக்கு அழைப்பை இணைக்கத் தெரிந்த முகவர் போதும்.

‘முகவர்’ என்ற சொல்லிலேயே இந்த மலைக்கு ஒரு காயம் இருக்கிறது. பேச்சில் யாரும் முகவர் என்று சொல்வதில்லை. ஏஜென்ட், புரோக்கர் என்பார்கள். முன்பணம் கொடுத்து, வேலை என்று சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களைக் காவல்துறையினர் சுட்டுக்கொன்றனர். அவர்களில் ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அழைத்துப்போன ஏஜென்ட்டுகள் இந்த மக்களின் சூழலை நன்றாக அறிந்தவர்கள்: எந்த வீட்டில் கடன், எந்த மாதம் வேலையில்லை, யார் மறுக்க மாட்டார். சூழல் அறிவது தன்னளவில் நல்லதாகிவிடாது. அறிந்தவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதைக் கேட்டாக வேண்டும்.

மென்பொருள் முகவரிடமும் இதே கேள்விதான். ஒருவருக்குப் பணமுடை என்று அவருடைய கைப்பேசி ஊகித்துவிட்டால், அவருக்கு முதலில் போய்ச் சேர்வது கூட்டுறவுக் கடன் பற்றிய தகவலா, வட்டிச் செயலியின் விளம்பரமா? தேன் எடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் காட்டுக்குள் போகிறவரின் தடம் எங்கோ ஒரு சர்வரில் பதிவானால், நாளை அதை யார் பார்ப்பார்கள்? 2006-ன் வன உரிமைச் சட்டம் அவருக்கு உரிமை தந்திருக்கிறது. அது பட்டாவாகக் கைக்கு வரும்வரை, அந்தத் தடமே அவருக்கு எதிரான சாட்சியாகக்கூடும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும்போது எட்டாவது அட்டவணை மொழிகளில் கேட்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதனால் தமிழில் ஒரு பக்கம் வரும். கீழே ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒப்புதல் இப்படி வாங்கப்படுவதை ஏற்கவே முடியாது. மலைக்கான முகவர் தடத்தைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே எதுவும் அனுப்பாமலே கணக்குப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். இன்றைய கைப்பேசிகளின் திறனுக்கு இது முடியாத காரியமல்ல. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் அதுவே நடைமுறைக்கும் ஏற்றது. கைப்பேசி எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது என்பதே, நாட்டில் அப்போதும் எவ்வளவு இடம் டவர் இல்லாமல் கிடந்தது என்பதைக் காட்டுகிறது.

எந்த மென்பொருளாலும் முடியாதது ஒன்று உண்டு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது அங்கே சாலை இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன் குழந்தை இறந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் சாலை முடிந்த இடத்தில் நின்றது. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறி நடந்தார். அந்த இரவில் ஓர் அறிவார்ந்த முகவர் இருந்திருந்தால் எந்தச் சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று சொல்லியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்காது. சாலைக்குச் செலவிட வேண்டிய பணத்தையும் அக்கறையையும் செயலிக்குத் திருப்பிவிட்டு, மலைக்கு நவீனம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அந்தத் தாயின் முன்னால் நின்று சொல்லட்டும்.

சாலை வந்த பிறகு முகவருக்கு வேலை இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

மலைபடுகடாத்துக் கூத்தர் சொல்லும் அறிவுரைகளில் ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது இந்த இடத்துக்காகத்தான். பாதை பிரிகிற இடங்கள் வரும். உங்களைப் போலவே புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். ஆகவே நீங்கள் போன சரியான வழி அவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். வழி கேட்டவரை வழி சொல்பவராக ஆக்கிவிடுகிற ஏற்பாடு இது. கேட்டவருக்குக் கூலியில்லை, சொன்னவருக்குத் தரகில்லை. பின்னால் வருகிற, முகம் தெரியாத ஒரு கூத்தருக்காக ஒரு பிடி புல்.

வால்பாறையில் விளக்கைப் போடுகிறவர் செய்வது இதைத்தான். சிங்கப்பூரிலிருந்து போன் போட்டவர் செய்ததும் இதுதான். நம் செயலிகளில் பெரும்பாலானவை மேலிருந்து கீழே மட்டும் பேசுகின்றன. மலையிலிருந்து ஒரு சொல் திரும்பிப் போக வழியில்லை. ஜமுனாமரத்தூர்ச் சாலையில் மழைக்கு ஒரு மரம் விழுந்து வளைவை மறித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் பார்க்கிறவர் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிக்காரராக இருப்பார். அவர் ஒரு பொத்தானை அழுத்தி, தன் பேச்சுத் தமிழில், ‘பெரிய வளைவுல மரம் வுழுந்து கெடக்குது, வண்டி போவாது’ என்று சொன்னால் போதும். சிக்னல் இல்லையென்றால் கைப்பேசி அதை வைத்திருந்து, அடிவாரத்தில் முதல் கோடு தெரிந்ததும் அனுப்பிவிடலாம். மாவட்டம் முழுவதற்கும் அது போக வேண்டியதில்லை. செங்கத்தைத் தாண்டி, பரமனந்தலில், இடுப்பில் பிள்ளையோடு மலைக்குப் போகும் கடைசி வண்டிக்காக நிற்கிற பெண்ணுக்கு, அவர் வண்டியில் கால் வைக்கும் முன் அது போய்ச் சேர வேண்டும்.